விளிம்பில் நின்ற கடைசிப் பாடம்

நூலக டிவிடி வட்டுப் பிரிவிலிருந்து பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவுக்கு, உடன் பணிபுரிந்தோர் அவையில் வாசித்து அளிக்கும் பாராட்டு மடல்

கீறல் விழுந்ததையும் கீழே போட மனம் வராத கருணைக் கரங்களுக்குச் சொந்தக்காரரே! கைரேகையும் கறையுமாகத் திரும்பி வந்த வட்டைக் கண்டு முகம் சுளித்தாலும், கொண்டு வந்தவரைக் கண்டு முறுவலித்தவரே! நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் ஓதியவரே! எங்கள் அன்புக்கும், சில வேளை அச்சத்துக்கும் உரிய விளிம்பக்காவே! வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நூலகத்தின் படிகளை நீங்கள் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். கிழிந்த பக்கங்களை ஒட்டும் மேசையில் தொடங்கி, சிக்கிக்கொண்ட ஒலிநாடாக்களைப் பென்சிலால் சுற்றி மீட்டு, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே உள்ள டிவிடி அறைக்கு அரசியாக வந்து அமர்ந்தீர்கள். உங்கள் பெருமையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இனிச் சிறிது நேரம் உங்களை 'அக்கா' என்று மட்டும் சொல்லி, யாரோ ஒருவருடைய கதையைப் போல இந்த அவைக்குச் சொல்லப் போகிறோம். நீங்களும் யாரோ ஒருவரைப் போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

அந்த அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். கூரை சரிவாக இறங்கும். உயரமானவர்கள் முதல் நாள் தலையில் இடித்துக்கொண்டுதான் உறுப்பினர் ஆவார்கள். மேற்கே ஒரே ஒரு சன்னல். வெயில் வட்டுகளுக்கு ஆகாது என்பதால் அதில் ஒரு பழைய போர்வையை அக்கா மாட்டியிருந்தார். டிவிடிகள் புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அக்காவுக்குத் தூக்கம் வராது. மேசைமேல் ஒரு சின்னத் தொலைக்காட்சி, திரும்பி வரும் வட்டுகளைப் போட்டுப் பார்க்க ஒரு பழைய பிளேயர், மெல்லிய பருத்தித் துணிகள், ஓரத்தில் கீறல் நீக்கும் மெருகு மெஷின். அவ்வளவுதான் அவருடைய அரசு.

விளிம்பக்கா என்ற பெயரை வைத்தது எங்கள் காவலாளி அண்ணன். ஒருநாள் சீருடையில் ஒரு போலீஸ்காரர் டிவிடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பெட்டியைத் திறந்து, வட்டின் பளபளப்பில் பெருவிரல் பதிய எடுத்து நீட்டினார். அக்கா தலை நிமிராமலே கத்தினார்.

"விளிம்பப் பிடிங்க! விளிம்ப!"

போலீஸ்காரர் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். வாசலில் நின்ற காவலாளி அண்ணன் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "துப்பாக்கி இல்லாம போலீசையே சரணடைய வச்ச ஒரே ஆளு நம்ம விளிம்பக்காதான்" என்று அன்றே பெயரைச் சூட்டிவிட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "பேராவது ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும். பேரைச் சொல்லும்போதாவது ஒழுங்கா பிடிப்பாங்க" என்றார்.

வட்டுகளுக்கு எத்தனை விதமான துன்பம் வரும் என்பதை அந்த மேசையில்தான் நாங்கள் பார்த்தோம். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்ததால் வளையம் பதிந்து வந்தவை உண்டு. காருக்குள் வெயிலில் கிடந்து வளைந்து வந்தவை உண்டு. தோட்டவேலை செய்பவர் ஒருவர் மண் ஒட்டிய வட்டோடு வந்து நின்றதை மறக்க முடியுமா?

"என்ன அண்ணே இது, நிலத்துல நட்டு வச்சீங்களா?"

"இல்லம்மா. பழம் கொத்த வர்ற குருவியை விரட்டக் கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். பளபளன்னு நல்லா வேலை செஞ்சுது."

"சரி, படம் எப்படி இருந்துச்சு?"

"அதை எங்க பாத்தேன்?"

அக்கா அந்த வட்டைக் கழுவித் துடைத்து ஓட்டினார். ஓடியது. "குருவியே பாராட்டின படம், ஓடாம இருக்குமா?" என்று சொல்லி அடுக்கில் நிறுத்தினார்.

பெட்டியிலிருந்து வட்டை எடுக்கும்போது நடுவில் இருக்கும் பித்தானை அழுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்கக் கூடாது. இதை அக்கா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! "வளைச்சா அது அழாது, கத்தாது. உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுக்கும். வாய் இல்லாத பொருளுக்கு நாமதான் வாயா இருக்கணும்" என்பார். அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்றும் உண்டு: "எல்லாப் படத்துக்கும் முடிவுதான் முதல்ல போகும்." பிளேயர் ஒரு வட்டை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கி வெளியே போகும். நிறையப் பதிந்த வட்டில் கடைசிக் காட்சி வெளிவிளிம்பை ஒட்டி இருக்கும். விரல் படுவதும் அங்கே. தரையில் உரசுவதும் அங்கே. அதனால்தான் கொலைகாரன் யார் என்று தெரியும் நேரத்தில் படம் நின்றுபோகிறது. "யாருன்னு நீங்களே சொல்லிடுங்கக்கா" என்று எத்தனையோ பேர் அந்த மேசைமுன் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். அக்கா பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

கைவிடத் தெரியாத கண்மணியே! இந்த அவையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தையற்காரரின் கதைக்கு இப்போது வருகிறோம்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, காலும் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் காலம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தரிக்கோலையும் ஊசியையும் பிடித்த கை மடியில் வைத்த பொட்டலம் போலக் கிடந்தது. அவருடைய மனைவி எங்கள் நூலகத்தில் கை கால் பயிற்சி டிவிடி ஒன்று இருப்பதை விசாரித்து அறிந்து, வாங்கிப் போனார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பயிற்சியாளர் நிதானமாகப் பேசி, எண்ணிக்கை சொல்லி, ஒவ்வொரு அசைவாகச் செய்து காட்டும் வட்டு அது. எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வாங்கக் கேட்டபோது, அதை வெளியிட்டவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது என்று பதில் வந்தது.

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போனது. ஒருநாள் அந்த மனைவி மேல்மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அக்கா, இந்த சிடி எங்க வீட்டுக்காரரைச் சிலையாக்கிருச்சு."

"என்னம்மா ஆச்சு?"

"கடைசிப் பாடத்துல, கையைத் தலைக்கு மேல தூக்குங்கன்னு சொல்லிட்டு அந்த வாத்தியார் அப்படியே நின்னுட்டாரு. நான் அடுப்பங்கரையில இருக்கேன். இந்த மனுஷன் இடது கையால வலது கையைத் தாங்கித் தூக்கினவரு, தூக்கினபடியே இருக்காரு. வந்து பாத்தா டிவியில ஒரு சிலை, நாற்காலியில ஒரு சிலை."

"வலிச்சிருக்குமே! இறக்கியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவரு இறக்கலையே'ங்கறாரு."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்து அந்த அம்மா சொன்னதைக் கேட்டு அக்காவின் சிரிப்பு நின்றது. கையைத் தூக்குவது பாதிதான். எண்ணிக்கைக்கு ஏற்ப மெல்ல மெல்ல இறக்குவதில்தான் தோளுக்குப் பலம் வரும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவருடைய கை தொப்பென்று விழுந்துவிடுகிறது. மனைவி எண்ணிச் சொன்னால் அவருக்குப் பொறுமை இல்லை. "நீ கடையில துணி அளக்கிற மாதிரி எண்ணுற" என்று சண்டைக்கு வருகிறார். அந்த வாத்தியார் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

அக்கா வட்டை வாங்கி விளக்கின்கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பெரிய கீறல் எதுவும் இல்லை. இருந்தாலும் மெருகு மெஷினில் ஒருமுறை போட்டு எடுத்து, பழைய பிளேயரில் ஓட்டினார். கடைசிப் பாடம் வரை அழகாக ஓடியது. மகிழ்ச்சியோடு கொடுத்தனுப்பினார். வீட்டில் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மறுபடியும் மெருகு; மறுபடியும் இங்கே ஓடியது; அங்கே நின்றது.

மெருகு மெஷின் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள தோலைச் சீவிச் சமப்படுத்துகிறது. அதை எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரே அக்காதான். ஆனாலும் அந்த வட்டை மட்டும் அவரால் சும்மா விட முடியவில்லை. திரும்பி வந்தபோதெல்லாம் மெஷினில் போட்டார். கடைசியில், கண்ணாடி போல இருந்த வட்டு புரை விழுந்த கண் போல மங்கிப்போனது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே அக்கா உட்கார்ந்திருந்தார். காவலாளி அண்ணன் தேநீர் கொண்டு வந்து வைத்தது ஆறிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது இன்னொரு செய்தி. "ஓடவில்லை", "பாதியில் நிற்கிறது" என்று வட்டுகளைப் பற்றிப் புகார்கள் குவிந்துகொண்டிருந்தன. நிர்வாகக் குழு கூடி, டிவிடி இரவலையே நிறுத்திவிடுவது என்றும், அந்த அறையில் நாற்காலிகளைப் போட்டு வைப்பது என்றும் முடிவு செய்துவிட்டது. பழைய பொருள் எடுக்கும் வண்டிக்காரருக்குச் சனிக்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. வட்டுகள் அட்டைப்பெட்டிகளில் ஏறின. எங்கள் தலைமை நூலகர் ஐயா இங்கேதான் இருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரே அன்று அக்காவிடம் வருத்தத்தோடுதான் பேசினார்.

"என்னம்மா பண்றது? நான் என்ன இதுக்கு விரோதியா? கொண்டுபோனவங்கள்ல பாதிப் பேரு நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு திரும்ப வராங்க. ஓடாத வண்டிக்கு எதுக்குக் கொட்டகை?"

"சார், எல்லாத்தையும் கட்டிக்குங்க. ஒண்ணை மட்டும் சனிக்கிழமை வரைக்கும் என்கிட்ட விடுங்க."

"அப்படி என்ன படம் அது?"

"படம் இல்ல சார். ஒருத்தரோட கை."

நூலகர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சம்மதிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா வட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தையற்காரர் வீட்டுக்குப் போனார். கீழே கடை, இறக்கிய கதவில் தூசி படிந்திருந்தது. மாடியில் வீடு. தையல் மெஷினையும் மேலே ஏற்றி, படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். தையற்காரர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு எழ முயன்றார்.

"உக்காருங்க அண்ணே. நான் சும்மா உங்க வாத்தியாரைப் பாக்க வந்தேன்."

"வாங்கம்மா. அவரு நல்லவருதான். கடைசியில மட்டும் கோவிச்சுக்கிறாரு."

"இவரு கத்துக்கிற லட்சணத்துக்கு யாருதான் கோவிச்சுக்க மாட்டாங்க?" என்றார் மனைவி, தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி.

அலமாரிமேல் இருந்த பிளேயர் புதியது, மெல்லியது. வட்டைப் போட்டார்கள். விரல் பயிற்சி ஓடியது. மணிக்கட்டு ஓடியது. முழங்கை ஓடியது. தையற்காரர் ஒவ்வொன்றையும் செய்துகொண்டே வந்தார். பாடம் தோளை நெருங்கியபோது பிளேயருக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தையற்காரர் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"பிளேயர் சத்தம்தானே அண்ணே?"

"இல்ல. இது ஒருபக்கக் கனம். அடிநூல் சுத்துற பாபின்ல நூல் ஒருபக்கமா ஏறிப்போச்சுன்னா தையல் மெஷின் இப்படித்தான் முனகும். கொஞ்ச நேரத்துல நூல் அறும் பாருங்க."

நூல் அறவில்லை. வாத்தியார் கையைத் தூக்கினார், தூக்கியபடி நின்றார்.

அக்கா வட்டை வெளியே எடுத்தார். அத்தனை நாளும் அவர் பார்த்ததெல்லாம் வட்டின் அடிப்பக்கத்தை, பளபளப்பை. இப்போது முதன்முறையாக மேல்பக்கத்தைப் பார்த்தார். வாத்தியாரின் சிரித்த முகம் அச்சாகியிருந்தது. அதே பக்கத்தில், முகத்துக்கு நேர் எதிரே விளிம்பை ஒட்டி, நூலகத்தின் பெயர் போட்ட தடித்த லேபிள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேலும் ஒன்று.

அது எங்கள் எல்லோருடைய கைவேலை. வட்டில் யாருடைய முகம் இருந்தாலும் அதை மறைத்துவிடக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு மரியாதை. கதாநாயகனின் முகத்தில் லேபிளை ஒட்டியவரை ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று முன்பு யாரோ சொன்னதிலிருந்து, எல்லா வட்டிலும் முகம் இல்லாத பக்கம் பார்த்து ஓரமாக ஒட்டுவதே பழக்கமாகிவிட்டது. பழைய லேபிளின் எழுத்து மங்கினால் அதன்மேலேயே புதியது. நூலகத்தின் பழைய பிளேயர் நிதானமாகச் சுழலும், கோணலையும் பொறுத்துக்கொள்ளும். வீடுகளில் உள்ள புது பிளேயர்களோ வேகமாகச் சுழல்பவை. ஒருபக்கம் கனத்த வட்டு அவற்றுக்குள் ஆட்டம் போடும். விளிம்பில்தான் ஆட்டம் அதிகம்; கடைசிப் பாடமும் விளிம்பில்தான்.

"பிச்சு எடுத்துருவோமா?" என்று மனைவி நகத்தை நீட்டினார்.

"வேணாம்மா, வேணாம்! இறுகிப்போன லேபிளைப் பிச்சா வட்டே ரெண்டு தகடா பிரிஞ்சாலும் பிரியும்" என்று அக்கா தடுத்தார். யோசித்தார். பிறகு தையற்காரரைப் பார்த்தார். "அண்ணே, பாபின் ஒருபக்கம் கனத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நூலைப் பிரிச்சு மறுபடி சுத்துவேன். பிரிக்க முடியாதுன்னா…" அவர் இடது கையால் மேசையிலிருந்த அளவு நாடாவை எடுத்தார். "எதிர்ப்பக்கமும் அதே கனம் குடுக்க வேண்டியதுதான்."

மற்றவர்கள் பையில் சீப்பு இருப்பதைப் போல அக்காவின் பையில் லேபிள் தாள் எப்போதும் இருக்கும். மனைவி அதே அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டினார். தையற்காரர் நாடாவை வட்டின் குறுக்கே பிடித்து, நேர் எதிர் இடத்தை அளந்து, விரலை நீட்டிக் காட்டினார். அக்கா ஒட்டினார்.

"அய்யோ, வாத்தியார் மூஞ்சியே மறைஞ்சு போச்சே!" என்றார் மனைவி.

"மறையட்டும். அவரு மூஞ்சிய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார் தையற்காரர்.

வட்டு உள்ளே போனது. விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள். முனகல் இல்லை. வாத்தியார் கையைத் தூக்கினார். தையற்காரரும் இடது கையால் தாங்கித் தூக்கினார். படம் ஒருகணம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அது அக்காவின் மெருகு மெஷின் செய்த வேலை. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கட்டங்கள் ஒன்றுகூடி மறுபடி வாத்தியாராயின. அந்த வீட்டில் அத்தனை நாளும் யாரும் கேட்டிராத வரியை அவர் சொன்னார்:

"இப்போது, தாங்கும் கையை விட்டுவிட்டு, மெதுவாக இறக்குங்கள். ஐந்து… நான்கு…"

தையற்காரர் இடது கையை விட்டார். வலது கை நடுங்கியது, சரிந்தது, நின்றது. பிறகு, கிணற்றில் இறங்கும் வாளியைப் போல, எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து மடியைத் தொட்டது. தொப்பென்று விழவில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடேயப்பா! இந்த வாத்தியாருக்கு இதுக்கு மேல பேச்சே வராதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

தையற்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை அக்கா நூலகர் ஐயாவின் அறைக்குள் நுழைந்தபோது வண்டி வாசலில் நின்றது. அக்கா எதையும் மறைக்கவில்லை. லேபிளைப் பற்றிச் சொன்னார்; வட்டில் விழுந்த புரை தன் கையால் வந்தது என்பதையும் சொன்னார். "ரொம்பத் தொட்டுத் தொட்டுப் பாத்ததும் ஒரு சேதம்தான் சார். அது எனக்குப் புத்தி. ஆனா கட்டி வச்சிருக்கிற பெட்டிங்களை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க."

நூலகர் ஐயா தாமே எழுந்து வந்து ஒரு பெட்டியைப் பிரித்து, "நின்றுபோகிறது" என்று குறித்த வட்டு ஒன்றை எடுத்தார். எடுத்த விதத்தைப் பார்த்து அக்கா வாயைத் திறப்பதற்குள், அவரே விரலை மாற்றி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் லேபிள் ஒட்டி, எந்த வட்டையும் எளிதில் ஏற்காத அவருடைய மேசைக் கணினியில் போட்டார்கள். திரையில் ஒரு திருடன் தாவி ஓடினான். கடைசிவரை ஓடினான், மாட்டிக்கொண்டான். பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர், "அப்ப நான் என்னத்தை ஏத்துறது?" என்று கேட்டார்.

நூலகர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்கு முன்பே நாங்கள் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டோம்.

எல்லாம் பிழைத்துவிட்டன என்று சொன்னால் அக்காவே மறுப்பார். உள்ளே விரிசல் விட்டவை இருந்தன. வெயிலில் வளைந்தவை இருந்தன. அவற்றை அவரே வண்டியில் ஏற்றிவிட்டார். மீதி அடுக்குக்குத் திரும்பியது. அன்றிலிருந்து லேபிள் பெட்டிக்கு மட்டும்தான். வட்டின்மேல், நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில், மென்முனைப் பேனாவால் சின்னதாக எண் மட்டும் எழுதுகிறோம். மெருகு மெஷினுக்கு அக்கா ஒரு துணிமூடி போட்டார். அதைத் திறக்க வேண்டுமானால் இரண்டு பேர் பார்த்துக் கீறல்தான் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரில் தன்னைச் சேர்க்கக் கூடாது என்பதும் அவர் போட்ட விதியே.

இரவல் வாங்குவோர் குறையவில்லை. இணையம் எட்டாத வீடுகளும், கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும் முதியவர்களும், ஒரே கார்ட்டூனை ஒருநூறு தடவை பார்க்கும் பிள்ளைகளும் இருக்கும்வரை குறையவும் குறையாது. நிர்வாகக் குழு அந்த அறையை அறையாகவே விட்டுவிட்டது. அதற்குள் உள்ளே கொண்டு வந்து போட்டிருந்த நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினார்கள். வெளியே எடுக்கும்போது இரண்டு பேர் தலையில் இடித்துக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தின் முடிவில் ஒருநாள், தையற்காரர் தம் காலால் நடந்து வந்து அந்தச் சரிவுக் கூரையின்கீழ் நின்றார். கையில் ஒரு மடித்த துணி. மேற்குச் சன்னலுக்குப் புதுத் திரை. உள்ளே தடித்த உள்துணி வைத்து, வெயிலின் ஓர் இழைகூட நுழையாதபடி தைத்திருந்தார். அக்கா அதை விரித்து ஓரத் தையலைப் பார்த்தார். ஆரம்பத்தில் தையல் கோணல்மாணலாக, தடுக்கி விழுந்து எழுந்து போயிருந்தது. போகப் போக நிதானப்பட்டது. கடைசி முழத்தில் அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல நேராக இருந்தது.

"இங்க பாருங்க, ஆரம்பம் கேவலமா இருக்கு. பிரிச்சுத் தைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார் தையற்காரர்.

"கையை வைக்காதீங்க அண்ணே. எல்லாத்துக்கும் முடிவுதான் முதல்ல போகும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இனி யாராவது கேட்டா இந்தத் திரையைக் காட்டுறேன்" என்றார் அக்கா.

அந்தத் திரை இப்போதும் அங்கே தொங்குகிறது. வருபவர்களுக்கு அதைக் காட்டும் வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஆகவே, எங்கள் அன்பின் திருவுருவே! யாரோ ஒருவரைப் போல உட்கார்ந்து கேட்டது போதும். இப்போது எங்களைப் பாருங்கள். பழுதானதைப் பார்த்தால் தூக்கி எறியாமல், ஏன் பழுதானது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை உங்களிடம் கற்றோம். மிகுந்த அன்பும் சில நேரம் ஒரு பொருளைத் தேய்த்துவிடும் என்பதையும், அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம் என்பதையும் உங்களிடமே கற்றோம். உங்கள் உடல்நலம் நிமிர்ந்து நிற்கட்டும். உங்கள் நாள்கள் கீறலின்றிச் சுழலட்டும். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கண்ணாடியில் விரல் பதிக்காமல் இருக்கட்டும். நெடுநாள், நிறைநாள், நிழலும் வெளிச்சமும் அளவாக விழும் நல்ல நாள்களாக நீங்கள் வாழ வேண்டும். அவ்வப்போது இந்தப் பக்கம் வந்து எங்களைத் திட்டவும் வேண்டும்.

இந்த மடலைச் சட்டமிட்டிருக்கிறோம். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். எங்களில் நால்வர் இதை எடுத்து வந்து உங்களிடம் தரும்போது கவனியுங்கள், விளிம்பைத்தான் பிடித்திருப்பார்கள்.

தருவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். அது அக்காவுக்கு அல்ல.

முன்வரிசையில் இருக்கும் தையற்காரர் ஐயா, தயவுசெய்து உங்கள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். இடது கை தாங்க வேண்டாம். அவையோர் எல்லோரும் பார்க்கட்டும், அக்காவும் பார்க்கட்டும். நாங்கள் கைதட்டி முடிக்கும்வரை அப்படியே வைத்திருங்கள்.

நன்றி ஐயா. இப்போது மெதுவாக இறக்கலாம். ஐந்து… நான்கு…

அன்பின் விளிம்பைப் பிடித்து நிற்கும்,
உங்கள் நூலகப் பணியாளர்கள்
(தலைமை நூலகரும் காவலாளி அண்ணனும் உட்பட)